மணலில் எழுந்த நகர்: கொண்டச்சி முத்துக்குளிப்பும் இரு சிறுகதைகளும்

ஒரு நகரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் கோட்டையையும் கோயிலையும் தெருவையும் கல்வெட்டையுமே முதற்கண் நாடுவர். கல் இருந்தால் சான்று உண்டு. சான்று இருந்தால் வரலாறு உண்டு என்பது பொதுவான துணிபு. ஆயின் கல்லே இல்லாத நகரும் உலகில் இருந்ததுண்டு. காட்டுக் கம்பும் கிடுகும் கொண்டு மாசித் திங்களளவில் எழுந்து, சித்திரை முடியுமுன் கலைந்து, அடுத்த மழையில் தடமுமின்றி மறைந்த நகர் அது. அந்நகரில் பல நாட்டாரும் பல சமயத்தாரும் பல சாதியாரும் ஒருங்கு வாழ்ந்தனர், உழைத்தனர், சூதாடினர், சிலர் இறந்தும் போயினர். அதன் வாழ்வை எங்கே தேடுவது? அரசாங்க அறிக்கைகளில் ஒரு பகுதியைக் காணலாம். எஞ்சிய பகுதியை, வியப்பாகத் தோன்றினும், ஒரு சிறுகதையிலேயே காண வேண்டியுள்ளது.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே, பெருநிலத்தின் மேற்குக் கரையில், அரிப்பு, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி என்னும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. வடக்கே மாதோட்டம் இருக்கிறது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைத் தன்னகத்தே கொண்ட பழம்பெருந் துறைமுகம் அது. மாதோட்டம் நிலைத்த நகர். கொண்டச்சியோ பருவத்து நகர். முன்னதன் புகழைப் பதிகங்கள் காத்தன. பின்னதன் நினைவைக் காத்தவர் யாவர், காக்கத் தவறியது எது என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

கடலும் பாரும்

மன்னார் வளைகுடாவில் கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஆழங்குறைந்த கடலடியில், முத்துச் சிப்பிகள் படிந்து வளரும் திட்டுகள் உள்ளன. இவற்றைப் 'பார்' என்பது கடற்கரை வழக்கு. சேவல் பார், மோதரகம் பார், பெரிய பார் என ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. ஆங்கிலேய அறிஞர் தம் விஞ்ஞான அறிக்கைகளிலும் இத்தமிழ்ப் பெயர்களையே கையாண்டனர். கடலடிக்குப் பெயரிட்டவர் அதனுள் இறங்கியவரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

வளைகுடாவின் இரு கரையும் முத்துத் தொழிலில் ஒன்றே. எதிர்க்கரையிலிருந்த கொற்கையின் முத்தைச் சங்கப் புலவர் பாடினர். கி. பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த கிரேக்கக் கடல்வழிக் கையேடு, கொற்கையில் முத்துக்குளிக்கும் பணியில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாகக் கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைகளைக் கண்ட மார்க்கோ போலோ, முத்து வணிகர் சுறாவைக் கட்டும் மந்திரவாதிகளுக்குத் தம் ஊதியத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தனர் என்று எழுதினார். 1535 முதல் 1537 வரையுள்ள காலத்தில் எதிர்க்கரைப் பரதவர் பெருந்தொகையினராகக் கத்தோலிக்க சமயம் தழுவினர். 1560இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும், 1795இல் ஆங்கிலேயரும் மன்னாரைக் கைப்பற்றினர். கொடி மாறியபோதெல்லாம் முத்துக்கு உரியவரும் மாறினர். கயிற்றைப் பற்றிக் கடலுள் இறங்கியவர் மட்டும் மாறவில்லை.

இரு திங்கள் நகர்

ஆங்கிலேய ஆட்சியின் தொடக்கத்தில் இந்நகரின் மையம் கொண்டச்சிக் குடாவாக இருந்தது. 1797ஆம் ஆண்டின் குளிப்பைப் பற்றி லெ பெக் என்பாரும், 1803இல் வெளிவந்த தம் இலங்கை நூலில் ராபர்ட் பெர்சிவல் என்னும் படைத்தலைவரும், 1807இல் வெளிவந்த நூலில் ஜேம்ஸ் கார்டினர் என்னும் பாதிரியாரும் இக்கரையை விரிவாக வருணித்துள்ளனர். ஏனைய காலத்தில் மணலும் முட்புதருமாய்க் கிடக்கும் கரை, குளிப்புக் காலத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் நெருங்கும் பெருஞ்சந்தையாக மாறுவதைக் கண்டு பெர்சிவல் வியந்தார். குடிநீரும் அங்கில்லை, அண்மையிலிருந்த அரிப்பிலிருந்தே அது வரவேண்டியிருந்தது.

படகுகள் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தன. இராமேசுவரம், கீழக்கரை, தூத்துக்குடி, நாகூர் முதலிய எதிர்க்கரைத் துறைகளிலிருந்தும் வந்தன. ஒரு படகில் தண்டல் ஒருவன்; அவனுக்குக் கீழ் இருபது பேர். அவருள் பதின்மர் தண்டு வலிப்போர், பதின்மர் சுழியோடிகள். ஐவர் இறங்க ஐவர் இளைப்பாறுவர். இரவில் அரிப்பிலிருந்து பீரங்கி ஒலிக்கும். தரைக்காற்றைப் பாயில் ஏந்திப் படகுகள் புறப்பட்டு விடியுமுன் பாரை அடையும். கல்லைக் காலிற் கோத்து, கூடையை உடன்கொண்டு சுழியோடி இறங்குவான். மேலே கயிறு பிடிப்பவன் அவன் அசைவை நோக்கி நிற்பான். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருத்தல் நன்று என்பது கடற்கரையார் வழங்கும் மொழி. தமக்கையோ தங்கையோ கைம்மை எய்துவதை விரும்பாதவனிடமே உயிர்க்கயிற்றை ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. நண்பகலில் கடற்காற்று எழும். படகுகள் கரை திரும்பும்.

சிப்பிகளை இறக்கி எண்ணும் வேலியிட்ட இடத்துக்குக் 'கொட்டு' என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்து முறைப்படி, ஒவ்வொரு படகின் சிப்பியும் மூன்று குவியலாகப் பிரிக்கப்படும். இரண்டு அரசாங்கத்துக்கு, ஒன்று படகினருக்கு. எந்தக் குவியல் படகினருக்கு உரியது என்பதைப் பிரிக்கும்போது அவர் அறியார். ஆதலால் மூன்றையும் ஒப்பப் பிரிப்பதே அவருக்கு நலமாயிற்று. அரசாங்கப் பங்கு மாலையில் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சுழியோடியின் பங்கோ கொட்டின் வாயிலிலேயே ஐந்தும் பத்துமாக விலைபோகும். சிப்பியைத் திறக்கும்வரை அதனுள் இருப்பது முத்தா, வெறும் சதையா என்பதை எவரும் அறியார். செட்டியாரும் கூலியாளும் ஒரே சூதாட்டத்தில் அமர்ந்த இடம் அது.

பாருக்கு ஏற்ப நகரும் இடம் மாறிற்று. கொண்டச்சியிலும் சிலாவத்துறையிலும் எழுந்தது, 1903 முதல் மறிச்சுக்கட்டியில் எழுந்தது. நீதிமன்றம், சிறைக்கூடம், வைத்தியசாலை, தபால் தந்தி நிலையம், கடைத்தெரு, சுழியோடிகளின் குடிசை வரிசை ஆகியவை யாவும் கிடுகும் கம்புமாகச் சில வாரத்தில் உருவாகும். 1891க்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகள் பாழாய்க் கிடந்த பார்கள் 1903இல் மீண்டும் பயன்தந்தன. 1905ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடியே 15 இலட்சத்துக்கு மேற்பட்டவை. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாவுக்கு மேல்.

சிப்பியைக் கடைசி ஒன்றுவரை எண்ணிய ஏடுகள் மூழ்கியவனை எங்ஙனம் எண்ணின என்பது சிந்திக்கத்தக்கது. அரபியர் இத்தனை, தமிழர் இத்தனை, சோனகர் இத்தனை என்று இனத்தால் எண்ணின. எடுத்தது, விற்றது, வரவு வைத்தது என எல்லாம் தெளிவாக உள்ளன. இரவில் குடிசை வரிசையில் என்ன பேசப்பட்டது, ஒரு சாதியான் மறு சாதியானோடு நீர் பகிர்ந்தானா, இறந்தவனை எவர் சுமந்தனர் என்பவற்றை வரவுசெலவு ஏடு சொல்லாது.

உத்தியோகத்தரும் கதாசிரியரும்

இவ்விடத்திலேயே லெனார்ட் வுல்ஃப் என்பவரின் எழுத்து வரலாற்றுக்குப் பயன்படுகிறது. கேம்பிரிட்ஜில் கற்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்து, 1904ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பை அடைந்த அவர், 1905 தை மாதத்தில் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியேற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. 1906இல் மறிச்சுக்கட்டி முத்துக்குளிப்புக்கு அனுப்பப்பட்டு, கொட்டில் சிப்பிப் பங்கீட்டை மேற்பார்வை செய்தார். பின்னர்க் கண்டியிலும் அம்பாந்தோட்டையிலும் கடமையாற்றி, 1911இல் இங்கிலாந்து சென்று, பதவியைத் துறந்தார். அம்பாந்தோட்டைக் காட்டுச் சிற்றூரைப் பற்றிய அவருடைய நாவல் 1913இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. அதன் புகழில் மறைந்து நிற்பது 1921இல் அவருடைய ஹோகார்த் அச்சகம் வெளியிட்ட 'கீழ்த்திசைக் கதைகள்' என்னும் சிறு நூல். அதில் மூன்று கதைகள் உள்ளன. அவற்றுள் 'முத்துகளும் பன்றிகளும்' என்பது முத்துக்குளிப்பு முகாமைப் பற்றியது. 'இரு பிராமணர்' என்பது யாழ்ப்பாண நகரைப் பற்றியது. ஒன்று பருவத்து நகரின் கதை. மற்றையது நிலைத்த நகரின் கதை. இரண்டையும் ஒருங்கு வைத்துப் படிக்கும்போதே அவற்றின் வரலாற்றுப் பயன் விளங்கும்.

ஒரு தடையை முன்னரே கூறிவிடல் வேண்டும். வுல்ஃப் ஆளும் இனத்தார்; ஆட்சியின் கருவியாய் வந்தவர். கண்டது மிகப் பலவாயினும் அவர் நின்ற இடம் கொட்டின் மேற்பார்வையாளர் நின்ற இடமே. சான்று கூறுவோன் எங்கே நின்று கண்டான் என்று வினவுவது வரலாற்றாசிரியன் கடமை. கதைக்கும் அவ்விதி பொருந்தும்.

'முத்துகளும் பன்றிகளும்'

கதை இங்கிலாந்தில் ஒரு கடற்கரை விடுதியின் புகைபிடிக்கும் அறையில் தொடங்குகிறது. ஒரு பங்குச்சந்தைத் தரகர், ஓய்வுபெற்ற ஒரு கர்னல், ஒரு பாதிரியார் முதலியோர் கீழ்த்திசை மக்களை எங்ஙனம் ஆள வேண்டும் என்று தத்தம் கருத்தை உரைக்கின்றனர். கீழ்த்திசையை நேரிற் கண்டு வாழ்ந்தோர் சிலர். கருத்தோ எல்லாரிடமும் உண்டு. கேட்டிருந்த ஒருவர், நெடுங்காலம் கீழ்த்திசையில் உத்தியோகம் பார்த்தவர், தாம் நடத்திய ஒரு முத்துக்குளிப்பைச் சொல்லத் தொடங்குகிறார்.

முகாமில் வெள்ளையர் மிகச் சிலர். ராப்சன் என்னும் இளைஞன் பரீட்சைகளில் தேறி, ஆட்சியைப் பற்றித் திட்டவட்டமான கொள்கைகளோடு வந்தவன். வைட் என்பவன் தொழில் பல செய்து, குடியால் அழிந்து, முத்து வாங்கிப் பொருளீட்டும் ஆசையோடு வந்தவன். அவர்களைச் சூழ்ந்து தமிழர், தெலுங்கர், செட்டிகள், பார்சிகள், பம்பாய் வணிகர், சிங்களர், அரபியர் எனப் பல்லாயிரவர். அழுகும் சிப்பியின் நாற்றமும், ஈக்களின் மொய்ப்பும், வெயிலின் கொடுமையும் ராப்சனுடைய கொள்கைகளைச் சில நாட்களில் கரைத்துவிடுகின்றன. வைட் குடிமயக்கத்தால் பித்துற்று, தன் வாழ்நாளிற் செய்த கொடுமைகளை இரவெல்லாம் அலறிச் சொல்லுகிறான். அவனைக் கட்டிவைக்க நேருகிறது.

அவ்விரவே கடலில் இறந்த அரபிச் சுழியோடி ஒருவனின் உடலைத் தோழர் கரைக்குக் கொணருகின்றனர். ஆரவாரம் இல்லை. தலைவன் ஒருவன் இறந்தவனின் உறவினனுக்கு ஆறுதல் உரைக்கிறான். முடிந்தது முடிந்தது என்னும் பொருள்பட அவன் கூறும் சொற்கள் அமைதியும் கம்பீரமும் உடையவை. பின்னர் அவர்கள் உடலைச் சுமந்து இருளிற் செல்கின்றனர். நாகரிகம் கற்பிக்க வந்தோன் ஒரு புறம் கட்டுண்டு அலறி மாள, கற்பிக்கப்பட வேண்டியவர் எனப்பட்டோர் மறு புறம் தம் இறந்தவனை முறைப்படி வழியனுப்புகின்றனர். தலைப்பில் உள்ள பன்றிகள் யாவர் என்று கதை வெளிப்படக் கூறவில்லை, கூறவும் தேவையில்லை.

இது முற்றும் கற்பனை அன்று. மறிச்சுக்கட்டியில் அரபிச் சுழியோடி ஒருவன் இறந்ததையும், அவனுடைய தோழர் அவனைக் கரைசேர்த்த முறையையும் வுல்ஃப் நேரிற் கண்டார். 1961இல் வெளிவந்த தம் தன்வரலாற்றின் இலங்கைப் பகுதியிலும் அதனை விவரித்துள்ளார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அக்காட்சி அவர் நெஞ்சை விட்டகலவில்லை.

'இரு பிராமணர்'

இரண்டாவது கதையின் களம் யாழ்ப்பாணம். தோட்டங்களும் வேலிகளும் சூழ்ந்து, பார்ப்பவர்க்குச் சிற்றூர் போலத் தோன்றும் பெருநகர் அது. அங்கு ஒவ்வொரு சாதியும் தன் வட்டாரத்தில் வாழ்கிறது. செல்லையா, சிற்றம்பலம் என்னும் இரு பிராமணர் அயல் வளவினர்; இடையில் இருப்பது ஒரு வேலியே. செல்லையாவுக்கு ஒரு மறைவான ஆசை. மாலையில் களப்பின் ஓரத்தில் அமர்ந்து மீனவர் வலைவீசுவதைக் கண்டு கண்டு, தானும் வீச விழைகிறான்; ஒரு மீனவனுக்குப் பணம் கொடுத்து மறைவிற் பழகுகிறான். சிற்றம்பலம் உலோபி. கிணறு வெட்டக் கூலி கொடுக்க மனமின்றித் தானே மண்ணை வெட்டித் தன் தலையிற் சுமக்கிறான். இரண்டும் வெளிப்படுகின்றன. ஒருவன் மீன்பிடித்தவன், மற்றவன் மண்சுமந்தவன். ஊர் இருவரையும் விலக்குகிறது.

கதையின் கூர்மை அதன் பின்பகுதியில் உள்ளது. ஊரால் விலக்கப்பட்ட இருவரும் ஒருவரையொருவர் அணைத்துக்கொள்ளவில்லை. மீன்பிடித்தவன் மண்சுமந்தவனை இகழ்கிறான். மண்சுமந்தவன் மீன்பிடித்தவனை இகழ்கிறான். தலைமுறைகள் கடந்து, அவ்விரு குடிகளுக்கிடையே திருமணப் பேச்சு எழும்போதும், பழைய இழிசொற்களே வேலிக்கு மேலாக மீண்டும் பறக்கின்றன. செய்த செயல் அழிந்துவிட்டது. அதன் பெயர் அழியவில்லை. நகைச்சுவையாகச் சொல்லப்பட்டிருப்பினும் கதை நகைப்புக்குரியதன்று. உழைப்பு இழிவைத் தருவதாயின், அவ்வுழைப்பையே நாளும் செய்வோரை ஊர் எங்ஙனம் மதித்தது என்பது படிப்போர்க்குத் தானே விளங்கும்.

இரு நகர்களின் ஒப்பு

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒரு வினா எழுகிறது. யாழ்ப்பாணத்தில் வலைவீசியதால் ஒருவனுடைய கொள்ளுப்பேரனுக்கும் மணமகள் கிடைக்கவில்லை. அதே காலத்தில், அதே மாகாணத்தில், கடலுள் மூழ்குவதே மதிப்பாகக் கருதப்பட்ட ஒரு நகர் ஆண்டில் இரு திங்கள் இயங்கியது. அங்கே மனிதனின் நிலையை அவனுடைய மூச்சின் நீளம் வரையறுத்தது. அவ்வாறாயின் முத்து நகரில் சமூக அடையாளம் கரைந்துவிட்டதா?

கரைந்துவிட்டது என்று விரைந்து முடிவு கட்டுதல் தவறாகும். வரலாற்றுச் சான்றுகள் இருவகையாகவும் பேசுகின்றன. 1859இல் தம் இலங்கை வரலாற்றை வெளியிட்ட எமர்சன் டெனன்ட் ஒரு செய்தியைத் தருகிறார். சுறாக்களின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' என்பவன் மந்திரம் ஓதாமல் எந்தச் சுழியோடியும் கடலில் இறங்கமாட்டான்; அவ்வுரிமை பரம்பரையானது. அக்காலத்தில் அக்குடும்பத்தின் தலைவன் கத்தோலிக்கனாய் இருந்தான். அது எவர்க்கும் தடையாகத் தோன்றவில்லை. கடலின் விளிம்பில் சமய வேறுபாடு சற்றே தளர்ந்ததற்கு இது சான்று.

ஆயினும் பரம்பரை என்னும் சொல் அங்கும் இருந்ததைக் கவனித்தல் வேண்டும். சுழியோடிகள் பரதவர், முக்குவர், கடையர், சோனகர் எனத் தத்தம் குடியின் வழியாகவே தொழிலுக்கு வந்தனர். தத்தம் ஊர்ப் படகிலேயே ஏறினர். குடிசை வரிசைகளும் இனவாரியாகவே அமைந்தன. கடலடியில் அனைவரும் ஒன்று. கரை ஏறியதும் அவரவர் அடையாளம் காத்திருந்தது. நகர் இரு திங்களில் கலைந்ததால் வேற்றுமைகளும் உடன் கலைந்தன என்று கொள்ள இயலாது. ஒவ்வொருவனும் தன் ஊருக்குத் திரும்பியபோது தன் வேலிக்குள்ளேயே திரும்பினான்.

உண்மை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. பருவத்து நகர் அடையாளங்களை அழிக்கவில்லை. ஆயின் அவற்றின்மேல் இன்னோர் அளவுகோலை வைத்தது. இறங்குவோர், கயிறு பிடிப்போர், பங்கு பிரிப்போர், ஏலம் கேட்போர் என்னும் தொழில் வரிசை பிறப்பு வரிசையோடு முற்றும் பொருந்தவில்லை. பொருந்தாத அவ்விடைவெளியில்தான் இறந்தவனைச் சுமந்து செல்லும் தோழமை பிறந்தது. நிலைத்த நகரில் அவ்விடைவெளிக்கு வேலி அடைக்கப்பட்டிருந்தது. வுல்ஃபின் இரு கதைகளும் சேர்ந்து கற்பிக்கும் வரலாற்றுப் பாடம் இதுவே.

சொல்லப்படாத கதை

இனி, சான்று கூறுவோன் நின்ற இடத்தைப் பற்றிய தடைக்குத் திரும்பலாம். 'முத்துகளும் பன்றிகளும்' கதையில் நடுவிடத்தில் நிற்கும் சுழியோடி அரபியன். தமிழரும் சோனகரும் பெருங்கூட்டமாய் வருகின்றனர், கூட்டமாகவே போகின்றனர். சேவல் பாருக்குப் பெயரிட்ட குடியில் பிறந்தவன் ஒருவன் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்து தன் சொல்லைச் சொல்லவில்லை. வளைகுடாவுக்கு வெளியிலிருந்து வந்த அரபியர் உத்தியோகத்தரைக் கவர்ந்ததில் வியப்பில்லை; அவர்கள் அவருடைய கச்சேரிக்கு மனுவோடு வருபவர் அல்லர். நாளும் கண்ட மக்களைவிட அன்னியரிடம் மாண்பைக் காண்பது ஆளுவோர்க்கு எளிது. அவர் கதையின் உண்மையை இது பொய்யாக்காது. அதன் எல்லையைக் காட்டும்.

அவ்வெல்லைக்கு அப்பாலிருந்த கதைகளை உள்ளிருந்தோரே பிற்காலத்தில் எழுதத் தொடங்கினர். டொமினிக் ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி 1960இல் வெளிவந்தது. என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் கதையில், சமத்துவம் பேசும் பெரியவர் தம்மைத் தேடி வந்த தாழ்த்தப்பட்டோரை வீட்டுக்குள் அழைக்க மனமின்றி, நிலவொளியில் பேசலாம் என்று வெளியே கூட்டிச் செல்கிறார். 'இரு பிராமண'ரில் வேலிக்கு உள்ளிருந்து காணப்பட்ட அதே ஊர், இங்கு வேலிக்கு வெளியிலிருந்து காணப்படுகிறது. வுல்ஃபின் பேனா நகைத்த இடத்தில் ரகுநாதனின் பேனா சுடுகிறது. கே. டானியல், ஜீவா, ரகுநாதன் முதலியோரால் யாழ்ப்பாண நகரின் மறுபக்கம் தமிழ்ச் சிறுகதையில் இடம்பெற்றுவிட்டது. மறிச்சுக்கட்டியில் வுல்ஃப் கண்ட கூட்டத்திலிருந்து தன் கதையைத் தானே சொல்ல எழுந்தவன் ஒருவனின் குரல் அத்துணை உரக்க ஒலிக்கவில்லை.

எழுத்தில் ஒலியாதது வாய்மொழியில் ஒலித்தது எனலாம். ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வையிடுதற்பொருட்டு அரிப்புக் கரையில் தூண்கள் நிறைந்த மாளிகை ஒன்றை எழுப்பினார். கடலரிப்பால் அது சிதைந்து வருகிறது. அக்கரையிலுள்ள பழைய இடிபாடுகளை அப்பகுதி மக்கள் அல்லிராணி கோட்டை என்று வழங்குகின்றனர். ஆடவரை அடக்கியாண்ட அல்லியரசாணியின் கதை தமிழ்நாட்டு அம்மானையிலும் கூத்திலும் பரவியது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து ஆண்ட கரைக்கு மக்கள் தம் அரசியின் பெயரை வைத்துக்கொண்டனர். அவ்விடிபாடுகளை எவர் கட்டினார் என்ற வினாவுக்கு அது சரியான விடையன்று; இக்கரை எவருடையது என்ற வினாவுக்கோ அது மக்கள் தந்த விடை.

கலைந்த நகரும் நிலைத்த ஊரும்

முத்து நகரின் முடிவு விரைவில் வந்தது. 1906இல் அரசாங்கம் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபா குத்தகையில் 20 ஆண்டுகளுக்கு ஒரு கம்பனிக்கு ஒப்படைத்தது. 1907க்குப் பின் சிப்பிகள் அற்றுப்போயின, கம்பனியும் கலைந்தது. 1925இல் மீண்டும் ஒரு குளிப்பு நடைபெற்றது. அதற்குள் யப்பானில் மிக்கிமோட்டோ முதலியோர் வளர்த்தெடுத்த முத்துகள் உலகச் சந்தைக்கு வந்துவிட்டன. கடலடி தந்த சூதாட்டத்துக்கு விலை வீழ்ந்தது. மறிச்சுக்கட்டியின் கிடுகுத் தெருக்கள் காடாயின.

பருவத்து நகர் போயினும் ஊர்கள் இருந்தன. குளிப்புக்கு முன்னும் பின்னும் கொண்டச்சியிலும் சிலாவத்துறையிலும் மறிச்சுக்கட்டியிலும் மக்கள் வாழ்ந்தே வந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். அயலூர்களில் தமிழ்க் கத்தோலிக்கரும் இந்துக்களும் வாழ்ந்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். முசலிப் பகுதியின் இவ்வூர்களும் அவற்றுள் அடங்கும். போரினால் அப்பகுதித் தமிழரும் இடம்பெயர்ந்தனர். 2009இல் போர் முடிந்தபின் மக்கள் திரும்பியபோது, தம் வளவுகளில் காடு மண்டியிருக்கக் கண்டனர். காடு மண்டிய நிலம் காட்டுக்குரியதா, குடிக்குரியதா என்ற வழக்கும் எழுந்தது.

முத்து நகர் கலைந்தபோது காடு வந்தது. அதனை எவரும் இழப்பாகக் கருதவில்லை. ஏனெனில் அது அடுத்த மாசியில் மீண்டும் எழும் நகர். ஊர் கலைந்தபோதும் காடு வந்தது. அஃது இருபது ஆண்டு இழப்பு. முதற் கலைவைச் செய்தது பருவம். இரண்டாவதைச் செய்தது ஒரு மனிதனை அவனுடைய அடையாளம் ஒன்றையே கொண்டு எண்ணும் கணக்கு. அரபியர் இத்தனை, தமிழர் இத்தனை, சோனகர் இத்தனை என்று கொட்டு வாயிலில் எழுதப்பட்ட ஏட்டில் தீங்கு இருந்ததாக அன்று எவர்க்கும் தோன்றியிராது. எண்ணுவது ஒன்று, எண்ணிக்கைக்குள் மனிதனை அடைப்பது மற்றொன்று. யாழ்ப்பாணத்து வேலியும் முசலியின் வெறும் வளவுகளும் இரண்டாவதன் விளைவுகளே.

வரலாற்று மாணவன் சிறுகதையைச் சான்றாகக் கொள்ளலாமா என்ற வினாவுக்கு இவையே விடை. ஆண்டையும் தொகையையும் கதையிடம் கேட்டல் கூடாது. அவற்றுக்கு ஏடுகள் உள. ஓர் ஊரில் ஒருவன் இன்னொருவனை எந்தப் பெயரால் அழைத்தான், எந்த வேலியருகில் நிறுத்தினான், இறந்தபோது எவர் தோளில் ஏற்றினான் என்பவற்றைக் கதையிடமே கேட்டல் வேண்டும். கேட்கும்போது, சொல்லுவோன் எங்கே நின்றான் என்பதையும் உடன் கேட்டல் வேண்டும். கொண்டச்சிக் குடாவின் மணலில் எழுந்த நகருக்கு உத்தியோகத்தர் ஒருவர் எழுதிய கதை கிடைத்துள்ளது. அது நல்ல கதை. கயிற்றின் மறுமுனையில் இறங்கியவனின் கதையும் அதனருகே வைக்கப்படும் நாளில்தான் அந்நகரின் வரலாறு நிறைவுறும்.